பதினேழாவது படம்

பாயான் லெப்பாஸ். விடிகாலை இரண்டு ஐம்பது.
நான்காம் எண் மின்பலகை அறை.
அலமாரிக் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன்,
செம்புப் பட்டைகள் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கின்றன.

ரப்பர் கையுறை போட்ட விரலை
இந்தத் தொடுதிரைக்குத் தெரியாது.
கழற்றினால் கம்பெனிக்குத் தெரியும்.
மூக்கைப் பற்றி விதி எதுவும் சொல்லவில்லை.
ஆகவே மூக்கு.
தட்டலாம், தள்ளலாம்.
படத்தைப் பெரிதாக்க மட்டும் முடியாது,
அதற்கு இரண்டு மூக்கு வேண்டும்.

இரும்பு வண்ணத்தில் வைத்திருந்தேன்:
கருநீலம், ஊதா, செம்மஞ்சள், உச்சத்தில் வெள்ளை.
பளபளக்கும் செம்பு பொய் சொல்லும்.
முப்பத்து நான்கு டிகிரியில் ஓர் உருண்டை காட்டியது,
உற்றுப் பார்த்தால் என் முகம்.
போன முறை மின்சாரத்தை நிறுத்தியபோது
கறுப்பு டேப் ஒட்டிய இடத்தில்தான் நிஜம் இருந்தது:
மஞ்சள் ஃபேஸ், கீழ் போல்ட்,
எழுபத்தெட்டு புள்ளி ஆறு.
யாரோ முறுக்க மறந்த அரைச் சுற்று.

ஏர்கோன் இருபத்திரண்டில் ஓடினாலும்
இந்த உடுப்புக்குள் பினாங்கு மத்தியானம்.
துடைக்கத் திரும்பினேன், கருவியும் கூடத் திரும்பியது.
புருவத்திலிருந்து ஒரு சொட்டு திரையில் விழுந்தது.
என் கையை மதிக்காத திரை
அதை விரல் என்று நம்பிவிட்டது.
க்ளிக்.

பின்சுவரில் ஒரு முதுகு.
ஆள் இல்லை, முதுகு மட்டும்.
தரையில் இரண்டு தொடை.
எழும்போது ஊன்றிய உள்ளங்கை,
ஐந்து விரலையும் எண்ணலாம்.
இடது தோள் வலதைவிடத் தாழ்ந்து.
இருபத்தாறு புள்ளி ஒன்று.

சற்று முன்புதான் பின்கதவு சாத்திய சத்தம் கேட்டது,
காற்று என்று விட்டுவிட்டேன்.
அனுமதி அட்டை இல்லாதவர் இங்கே உட்கார்ந்தால்
மறுநாள் வேலை இல்லை.

கருவியைப் பிடித்தபடியே நின்றேன்.
சுவர் மறந்துகொண்டிருந்தது.
இருபத்தைந்து. இருபத்து நான்கரை.
திரையில் மட்டும் அந்த முதுகு மங்கவே இல்லை.
ஆட்டோவில் விட்டால் அப்படித்தான்,
எதிரில் எது துளி சூடோ
அதற்கு வெள்ளையை அள்ளிக் கொடுக்கும்.
இரண்டு டிகிரியைத் தூக்கி வைத்துக்கொண்டு
தீ, தீ என்று கத்தும்.
எங்கள் ஃப்ளோரிலும் அப்படிச் சிலர் உண்டு.

ஓரத்தில் நீளமாக ஒரு பட்டை,
மேலே ஒரு குமிழ், கீழே ஒரு குமிழ்.
மூக்கால் மேல் குமிழைத் தள்ளினேன், எண்பது வரை.
போல்ட்டுக்கு உரிய அளவு அது.
முதுகு நீலத்துக்குள் போய்ச்
சுவரோடு சுவரானது.

பதினேழாவது படம் மட்டும் சேமிப்பில் இருந்தது.
அழிக்கவா?
ஆம் என்ற பொத்தான் மூக்குக்கு மிகச் சிறியது.
மூன்று முறை தவறி
நான்காவது முறை பட்டது.

காலையில் ஓய் கேட்டார்,
பதினாறுக்கு அப்புறம் ஏன் பதினெட்டு?
வியர்வை பட்டுவிட்டது என்றேன். பொய் இல்லை.
ஒரு துணி வாங்கிக்கோ லா லோகேஸ், கிளெய்ம் பண்ணலாம்,
என்று சொல்லிவிட்டு
போல்ட்டை வியாழக்கிழமைக்குக் குறித்துக்கொண்டார்.

ஏழு பத்து. கம்பெனி பஸ் பாலத்து நெரிசலில் நிற்கிறது.
எனக்கு முன்னால் பதினோரு பேர்,
ஜன்னலில் சாய்ந்தவர்கள், கைப்பேசியில் குனிந்தவர்கள்.
ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வருகிறேன்.
எல்லாருக்கும் இடது தோள் தாழ்ந்துதான் இருக்கிறது.
பையை அந்தப் பக்கம் மாட்டுவதாலா,
பன்னிரண்டு மணி நேரத்தாலா.

என் மூக்கு நுனி இன்னும்
கண்ணாடியின் வழவழப்போடு இருக்கிறது.